பிள்ளைக்கு மனச்சோர்வு மாத்திரை தொடங்கும்போது: நடத்தையில் எதைக் கவனிப்பது, எப்போது டாக்டரைக் கூப்பிடுவது

டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார், மாத்திரை அட்டை கையில் இருக்கிறது, இன்றிரவே முதல் மாத்திரையைக் கொடுக்கப் போகிறீர்கள். கொடுங்கள். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு பழைய நோட்டை எடுத்து, உங்கள் பிள்ளை இன்றைக்கு எப்படி இருக்கிறான் அல்லது இருக்கிறாள் என்று எழுதி வைத்துவிடுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த நோட்டைச் சுற்றித்தான் வரும்.

நாங்கள் அதை எழுதவில்லை. என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. மாத்திரை தொடங்கி ஒன்பதாவது நாள் கதவை அறைந்து சாத்தினாள், தம்பியை அடித்தாள், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இரண்டு நிமிடம் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நடந்தாள். நோய்தான் முற்றிவிட்டது என்று நினைத்து டாக்டரிடம் அப்படியே சொன்னோம், டோஸ் கூட்டப்பட்டது, அடுத்த ஒரு வாரம் அந்தக் குழந்தை பட்ட பாட்டை இன்றும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. பிறகு பார்த்த வேறொரு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “மாத்திரைக்கு முன்னால் எத்தனை மணிக்குத் தூங்குவாள்? அப்போதும் இப்படி எழுந்து நடப்பாளா?” எங்கள் இரண்டு பேரிடமும் பதில் இல்லை. பக்க விளைவு வந்தது யாருடைய தப்பும் இல்லை. அதை நோய் என்று நாங்கள் தவறாகப் படித்ததுதான் அவளை அதிகம் வதைத்தது.

நோட்டில் என்ன எழுதுவது

பெரிய பெரிய வார்த்தைகள் வேண்டாம். “சோகமாக இருக்கிறான்” என்று எழுதினால் மூன்று வாரம் கழித்து அது எதற்கும் உதவாது. எண்ணக்கூடியதை எழுதுங்கள். படுக்கப் போனது எத்தனை மணி, உண்மையில் தூங்கியது எத்தனை மணி, நடுவில் எத்தனை முறை எழுந்தான். ஒரு நாளில் எத்தனை தடவை கத்தினான், எதற்காக. ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது. சாப்பிட்டது எவ்வளவு. தலைவலி, வயிற்றுவலி இருக்கிறதா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள், ஏனென்றால் மனச்சோர்வு உள்ள பிள்ளைகள் பலருக்கு இந்த வலிகள் மாத்திரைக்கு முன்பே இருக்கும். எழுதி வைக்காவிட்டால் அத்தனை பழியும் மாத்திரை மேல் விழும். சாகவேண்டும் என்றோ, நான் இல்லாமல் போனால் நல்லது என்றோ இதுவரை சொல்லியிருந்தால், எப்போது சொன்னான், என்ன வார்த்தையில் சொன்னான் என்று எழுதுங்கள்.

மாத்திரை தொடங்கியபின் தினமும் நான்கைந்து வரி போதும். டோஸ் மாறிய தேதியை மட்டும் கட்டம் போட்டு எழுதுங்கள். முடிந்தால் பிள்ளையின் வகுப்பாசிரியர் ஒருவரிடமும் கொஞ்சம் கவனித்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து விவரம் சொல்ல விருப்பமில்லை என்றால், “சில வாரங்களுக்கு அவனிடம் ஏதாவது மாற்றம் தெரிந்தால் சொல்லுங்கள்” என்றாலே போதும்.

டாக்டரிடம் முதல் நாளே சொல்லவேண்டிய விஷயங்கள் சில உண்டு. குடும்பத்தில் யாருக்காவது பைபோலார் எனும் இருமுனைக் கோளாறு (மனநிலை அதீத எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போவது) இருந்ததா, தற்கொலையில் யாராவது போனார்களா என்பது. வெளியே சொல்லாமல் குடும்பங்கள் மறைத்து வைக்கும் சங்கதிகள் இவை, ஆனால் இந்த ஓர் அறையில் கட்டாயம் சொல்லிவிடுங்கள், எந்த மாத்திரை, எவ்வளவு என்பதே இதனால் மாறலாம். அப்புறம், பிள்ளை சாப்பிடும் மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் என்ற வலி மாத்திரை, செயின்ட் ஜான்ஸ் வார்ட் என்ற மூலிகை இவையெல்லாம் மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் செரட்டோனின் என்ற ரசாயனம் உடம்பில் அளவுக்கு மீறி ஏறக்கூடும். பதின்ம வயதுப் பிள்ளை என்றால் குடி, கஞ்சா பழக்கம் உண்டா என்பதை டாக்டரே தனியாகக் கேட்கட்டும். நீங்கள் வெளியே போய் உட்காருங்கள்.

எந்த வாரம் வந்தது என்று பாருங்கள்

நடத்தை மாற்றம் எப்போது தொடங்கியது என்பதை வைத்தே அது என்னவாக இருக்கும் என்று பாதி சொல்லிவிடலாம். இந்த மாத்திரைகளின் பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், பக்க விளைவோ சில நாட்களிலேயே வந்துவிடும். அதாவது முதல் மூன்று வாரம் பிள்ளைக்கு நோய் பெரிதாகக் குறையாமல், மருந்தின் தொந்தரவு மட்டும் தெரியலாம். பெற்றோர் மனம் உடைவது இந்த வாரங்களில்தான்.

இந்த ஆரம்ப நாட்களில் வருவதை டாக்டர்கள் ஆக்டிவேஷன் என்பார்கள். தமிழில் நம்மிடம் இதைவிட நல்ல சொல் இருக்கிறது: இருப்புக் கொள்ளாமை. காலை ஆட்டிக்கொண்டே இருப்பது, அறைக்கும் கூடத்துக்கும் நடப்பது, தூக்கம் கெடுவது, சின்ன விஷயத்துக்குப் பெரிய கோபம், யோசிக்காமல் சட்டென்று செய்துவிடுவது. பெரியவர்களைவிடப் பதின்ம வயதினருக்கும், அவர்களைவிடச் சிறு குழந்தைகளுக்கும் இது அதிகம் வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரத்தில் வரும், இல்லையென்றால் டோஸ் கூட்டிய சில நாட்களில் வரும். டோஸைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். இதனால்தான் பிள்ளைகளுக்கு மிகச் சிறிய அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுகிறார்கள். ஃப்ளூஆக்ஸடீன் என்ற மனச்சோர்வு மருந்து திரவமாகவும் வருகிறது, மாத்திரையை உடைக்காமலே சிறு அளவு கொடுக்கலாம். ஆரம்ப டோஸ் உங்களுக்கு அதிகமாகப் பட்டால் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இதிலேயே கடுமையான வடிவம் ஒன்று உண்டு, அகதீசியா என்று பெயர். வெளியில் பார்த்தால் சும்மா துறுதுறுவென்று இருப்பது போலத்தான் தெரியும். உள்ளே அந்தப் பிள்ளைக்கு அது சித்திரவதை, “உள்ளுக்குள் ஏதோ பிறாண்டுகிறது, நின்றாலும் முடியவில்லை, உட்கார்ந்தாலும் முடியவில்லை” என்பார்கள். சின்னக் குழந்தைக்கு இப்படிச் சொல்லத் தெரியாது, அழும், இல்லையென்றால் அடிக்கும். எனவே நீங்களே கேளுங்கள்: “காலை ஆட்டாமல் ஒரு நிமிடம் இருக்க முடியுமா? ஆட்டாமல் இருந்தால் உள்ளே எப்படி இருக்கிறது?” பதில் வேதனையாக வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். இந்தத் தாங்கமுடியாத நிலையில்தான் சாவு எண்ணமும் எட்டிப் பார்க்கிறது.

குழப்பமான இன்னொன்று, பிள்ளைக்குப் பயமும் கூச்சமும் திடீரென்று விட்டுப்போவது. பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசுவான், இடம் பார்க்காமல் சிரிப்பான், ஆபத்தான விளையாட்டில் இறங்குவான். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பதற்ற நோயில் வாயே திறக்காமல் இருந்த பிள்ளை குணமாகும்போதும் பேச ஆரம்பிப்பான், “எனக்குப் பிடிக்கவில்லை” என்று முதல் தடவையாகச் சொல்வான், வீட்டில் எல்லோரும் அதிர்ச்சியாவார்கள். அது குணம். அதைப் பக்க விளைவு என்று அடக்கிவிட்டால் பாவம். எப்படிப் பிரிப்பது? தூக்கத்தைப் பாருங்கள், இடம் பொருள் தெரிந்து நடக்கிறானா என்று பாருங்கள். நன்றாகத் தூங்கி, நியாயமான விஷயத்துக்கு எதிர்த்துப் பேசி, ஆசிரியரிடம் ஒழுங்காக இருந்தால் சந்தோஷப்படுங்கள். எல்லா இடத்திலும் கட்டறுந்து போகிறான், தூக்கமும் கெட்டிருக்கிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மேனியா எனும் அதீத எழுச்சி நிலை இவற்றைவிட அரிது, ஆனால் இவற்றைவிடத் தீவிரம். ஆக்டிவேஷனில் தூங்காத பிள்ளை மறுநாள் சோர்ந்து வாடி இருப்பான். மேனியாவில் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு விடியற்காலையிலேயே முழு உற்சாகத்தோடு எழுந்து, நிற்காமல் பேசி, தன்னால் எதையும் செய்ய முடியும் என்று பெரிய பெரிய திட்டம் போடுவான், குறுக்கே பேசினால் வெடிப்பான். ஆக்டிவேஷன் போல முதல் வாரங்களில்தான் வரும் என்று இல்லை, அதற்குப் பின்னும் வரலாம். மாத்திரையை நிறுத்தினாலும் உடனே அடங்காமல் போகலாம். அன்றைக்கே டாக்டருக்குத் தெரியவேண்டும்.

கடைசியாக வருவதை யாரும் கவனிப்பதே இல்லை. மாத்திரை தொடங்கி பல வாரம், சில சமயம் மாதங்கள் கழித்து, பிள்ளை அமைதியாகிவிடுவான். சண்டை இல்லை, அழுகை இல்லை, வீடே நிம்மதியாக இருக்கும். மார்க் குறைந்தாலும் கவலை இல்லை, நண்பன் கோபித்துக்கொண்டு போனாலும் கவலை இல்லை, பிடித்த விளையாட்டுக்குக் கூப்பிட்டால் “ம்” என்பான், போகமாட்டான். உணர்ச்சி மழுங்கிப்போவது என்று சொல்லலாம். இதை மனச்சோர்வு திரும்பி வந்துவிட்டதாக எண்ணி டோஸைக் கூட்டினால் இன்னும் மழுங்கும், ஏனென்றால் இது பெரும்பாலும் டோஸ் அதிகமாவதால் வருவது, குறைத்தால் மாறக்கூடியது. வித்தியாசம் கண்டுபிடிக்க, “அழணும் போல இருக்கிறதா?” என்று கேட்டுப் பாருங்கள். மனச்சோர்வில் உள்ள பிள்ளைக்கு உள்ளே வலி இருக்கும். மழுங்கிப்போன பிள்ளை, “அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, ஒன்றுமே தோன்றவில்லை” என்று சாதாரணமாகச் சொல்வான்.

சாவு எண்ணம் பற்றி

2004 அக்டோபரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, எல்லா மனச்சோர்வு மருந்துகளுக்கும் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடவேண்டும் என்று உத்தரவிட்டது. குழந்தைகள், பதின்ம வயதினர் மீது நடந்த 24 ஆய்வுகளை, 4,400-க்கும் மேற்பட்டவர்களை, ஒன்றாக வைத்துப் பார்த்ததில், உண்மையான மருந்து சாப்பிட்டவர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ வந்தது, மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 2 சதவீதம். அந்த ஆய்வுகளில் யாரும் தற்கொலையில் இறக்கவில்லை. 2007-ல் இந்த எச்சரிக்கையை 24 வயது வரை உள்ளவர்களுக்கும் நீட்டினார்கள்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே மனதில் வையுங்கள். இரண்டு மடங்கு என்று மட்டும் கேட்டால் மாத்திரை அட்டையைத் தூக்கி எறியத் தோன்றும். நூறில் இரண்டு பிள்ளைகள் கூடுதலாக என்றால், கண்ணை விலக்காமல் பார்க்கவேண்டிய ஆபத்து என்று புரியும், அதே நேரம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வருவதில்லை என்பதும் புரியும்.

மருந்தின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அதே 2004-ல் அமெரிக்காவில் வெளியான டேட்ஸ் என்ற ஆய்வில், 12 முதல் 17 வயது வரையிலான 439 பேரை நான்கு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். 12 வாரத்தில் ஃப்ளூஆக்ஸடீனும் சிபிடி என்ற பேச்சு சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் தேறினார்கள், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 61, பேச்சு சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 43, போலி மாத்திரை எடுத்தவர்களில் 35. சிகிச்சை இல்லாமல் விட்ட மனச்சோர்வே தற்கொலைக்குப் பெரிய காரணம். எனவே மாத்திரை கொடுக்கிறீர்கள் என்றால் பேச்சு சிகிச்சையையும் கேட்டு வாங்குங்கள், இரண்டில் ஒன்று போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள். “செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?” கேட்டால் நாமே அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, கேட்டால்தான் தனியாகச் சுமந்துகொண்டிருந்ததை இறக்கி வைக்க வழி கிடைக்கிறது. முதல் இரண்டு மாதம் வாரம் ஒரு முறையாவது கேளுங்கள், வண்டியில் போகும்போதோ பாத்திரம் துலக்கும்போதோ, முகத்துக்கு முகம் பார்க்காத நேரத்தில் கேட்டால் பிள்ளைகள் எளிதாகப் பேசுவார்கள். “ஆமாம்” என்று வந்தால் கத்தாதீர்கள், அழுதால் பரவாயில்லை. சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். எப்படி, எப்போது என்று திட்டமே வைத்திருக்கிறான், அல்லது தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டான் என்றால் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, முதல் நாளிலிருந்தே வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளும் பூட்டுக்குள் போகவேண்டும், தாத்தா பாட்டியின் மாத்திரைகள் உட்பட. அன்றன்றைய மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுங்கள். பதினாறு வயதுப் பிள்ளை முகத்தைச் சுளிப்பான், சுளிக்கட்டும்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது

முதல் மாதத்தில் அடிக்கடி பார்க்கும்படி தேதி வாங்குங்கள். எஃப்டிஏ 2004-ல் பரிந்துரைத்தது முதல் நான்கு வாரம் வாராவாரம், அடுத்த நான்கு வாரம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. நேரில் முடியாவிட்டால் போனிலாவது பேசலாமா என்று கேளுங்கள். “ஒரு மாதம் கழித்து வாங்க” என்று மட்டும் சொன்னால், நடுவில் ஏதாவது ஆனால் யாரை, எந்த எண்ணில் கூப்பிடுவது, ராத்திரியில் என்ன செய்வது என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

கூப்பிடும்போது முடிவைச் சொல்லாதீர்கள், கண்டதைச் சொல்லுங்கள். “டிப்ரஷன் ஜாஸ்தியாகிவிட்டது” என்று நாங்கள் சொன்ன அந்த ஒரு வரியால்தான் டோஸ் ஏறியது. இப்படிச் சொல்லுங்கள்: “மாத்திரை தொடங்கி ஒன்பது நாள். முன்னால் எட்டு மணி நேரம் தூங்குவாள், இப்போது ஐந்து. முன்னால் சோர்ந்து படுத்திருப்பாள், இப்போது உட்காரவே முடியவில்லை. நேற்று நான்கு தடவை கத்தினாள், முன்னால் வாரத்துக்கு ஒரு தடவைதான்.” இதைக் கேட்டவுடன் எந்த டாக்டருக்கும் மருந்து மேல் சந்தேகம் வரும்.

லேசான குமட்டல், தலைவலி, வயிறு கலங்குவது, இரண்டு நாள் தூக்கம் முன்னே பின்னே ஆவது இதற்கெல்லாம் நோட்டில் எழுதி, அடுத்த சந்திப்பில் சொன்னால் போதும். ஆனால் காய்ச்சலோடு நடுக்கம், கொட்டும் வியர்வை, தசை இறுக்கம், வயிற்றுப்போக்கு, பேச்சில் குழப்பம் என்று சேர்ந்து வந்தால், குறிப்பாக டோஸ் கூட்டிய பிறகோ புதிதாக வேறு மருந்து சேர்த்த பிறகோ வந்தால், அது செரட்டோனின் மிகுதியாக இருக்கலாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

பிள்ளைக்கும் தெரியவேண்டும்

இதையெல்லாம் பிள்ளையிடம் மறைத்துக் கவனிப்பது நல்லதில்லை, எட்டு வயதுக் குழந்தைக்கும் அதன் அளவில் சொல்லலாம். “இந்த மருந்தால் சில பேருக்குக் கோபம் வரும், தூக்கம் வராது, உள்ளே இருப்புக் கொள்ளாது. உனக்கு அப்படி வந்தால் அது உன் தப்பு கிடையாது, உடனே சொல்.” என் மகள் பின்னால் சொன்னாள், தம்பியை அடித்த அன்று தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக நினைத்தாளாம், அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லையாம். இந்த இரண்டு வாக்கியத்தை அவளிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த பயம் அவளுக்கு வந்திருக்காது.

பதின்ம வயதினருக்குப் பாலுணர்வு சார்ந்த பக்க விளைவுகளும் வரலாம், வெட்கத்தில் சொல்லமாட்டார்கள், சொல்லாமலே ஒரு நாள் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். டாக்டரிடம் தனியாகப் பேச ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் கொடுங்கள்.

நிறுத்துவது

பக்க விளைவைப் பார்த்துப் பயந்து நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். டாக்டரைக் கேட்டுவிட்டு, அவர் உடனே நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், சில நிலைகளில் அதுதான் சரி. மற்றபடி வாரக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும். திடீரென்று நின்றால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, பயங்கரக் கனவுகள், எரிச்சல், காரணமில்லாத அழுகை வரலாம். பராக்ஸடீன், வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறுவதால் இரண்டு டோஸ் விட்டுப்போனாலே இது தொடங்கலாம். எனவே பிள்ளை திடீரென்று ஒரு நாள் எரிந்து விழுந்தால், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டானா என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

ஃப்ளூஆக்ஸடீன் நேர்மாறானது. நிறுத்திய பிறகும் உடம்பை விட்டு முழுவதும் போக வாரக்கணக்கில் ஆகும், அதனால் பக்க விளைவும் உடனே மறையாது, நின்றதன் விளைவும் உடனே தெரியாது. கடைசி மாத்திரை கொடுத்த தேதியையும் நோட்டில் கட்டம் போட்டு எழுதிவிட்டு, எந்த மருந்தாக இருந்தாலும் அதற்குப் பிறகு இரண்டு மாதமாவது அந்த நான்கைந்து வரியைத் தினமும் எழுதிக்கொண்டே இருங்கள். தூக்கம், கோபம், சாப்பாடு, உட்கார முடிகிறதா, சாவு பற்றி ஏதாவது சொன்னானா.